எக்ஸ்.எஃப்.எல். 2001: ஒரே சீசனில் மூடிய ஃபுட்பால் லீக் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேபிள் டி.வி.யில் அண்டர்டேக்கரையும் ஸ்டோன் கோல்டையும் பார்த்து வளர்ந்தவர்களிடம், அந்த மல்யுத்தத்தை நடத்திய அதே வின்ஸ் மெக்மஹன் ஒரு அமெரிக்க ஃபுட்பால் லீக்கும் (நம் ஊர் கால்பந்து அல்ல) நடத்தினார் என்று சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "அதுவும் டிராமாதானா?" அடுத்தடுத்து வருகிற சந்தேகங்களும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வருகின்றன. தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்று தொகுத்தது இது. அடிப்படைக் கேள்விகள் முதலில். விவரம் தெரிந்தவர்கள் மடக்கிக் கேட்பவை பின்னால் இருக்கின்றன.

எக்ஸ்.எஃப்.எல்.னா என்ன? எந்த வருஷத்து கதை?

அமெரிக்காவில் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 3 முதல் ஏப்ரல் 21 வரை நடந்த தொழில்முறை ஃபுட்பால் லீக். மெக்மஹனின் மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பும் என்.பி.சி. தொலைக்காட்சியும் ஆளுக்குப் பாதி முதல் போட்டு நடத்தின. (டபிள்யூ.டபிள்யூ.எஃப். தான் 2002-இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. ஆனது.) எட்டு அணிகள், ஆளுக்குப் பத்து ஆட்டங்கள், பிறகு அரையிறுதி, இறுதி. மே 10-ஆம் தேதி கடையை மூடிவிட்டார்கள்.

இதே பெயரில் 2020-இலும் 2023-இலும் லீக் நடந்திருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். மற்ற எல்லாப் பதில்களும் 2001-ஐப் பற்றியவை.

எனக்கு அமெரிக்க ஃபுட்பாலே புரியாது. இதைப் படித்தால் விளங்குமா?

விளங்கும். தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். ஒரு பக்கம் பதினோரு பேர். நூறு யார்டு மைதானம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு. எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், ஆறு புள்ளி. தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், மூன்று புள்ளி. முன்னேற வழியில்லை என்று தோன்றினால் நான்காவது முயற்சியில் பந்தைத் தொலைவாக உதைத்து எதிரணியிடம் விட்டுவிடுவார்கள். அது பன்ட். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக்.

'எக்ஸ்'னா எக்ஸ்ட்ரீம் தானே?

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், ஆரம்ப யோசனையும் அதுதான். ஆனால் அந்தப் பெயரை வேறொரு லீக் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தது. அதனால் அதிகாரப்பூர்வமாக 'எக்ஸ்' எதையும் குறிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு மட்டும் 'எக்ஸ்ட்ரீம்' என்று பெயர் வைத்து ஆசையைத் தீர்த்துக்கொண்டார்கள் போல.

குஸ்தி நடத்துறவருக்கு ஃபுட்பால்ல என்ன வேலை? என்.பி.சி. மாதிரி பெரிய சேனல் எப்படி இதில் மாட்டியது?

2000 பிப்ரவரி 3-ஆம் தேதி நியூயார்க்கில் மெக்மஹன் லீக்கை அறிவித்தபோது அவர் உச்சத்தில் இருந்தார். கம்பெனி பங்குச் சந்தைக்குப் போய் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இளைஞர்கள் அவர் நிகழ்ச்சிகளை விழுந்து விழுந்து பார்த்தார்கள். அதே கூட்டம், அதே கூச்சல், ஆனால் நிஜ விளையாட்டு என்பது அவர் கணக்கு. அமெரிக்காவின் முதன்மை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். ரொம்ப சாதுவாகிவிட்டது என்று மேடைக்கு மேடை கிண்டல் செய்தார்.

என்.பி.சி.யின் நிலைமை வேறு. பல ஆண்டுகள் கையில் இருந்த என்.எஃப்.எல். ஒளிபரப்பு உரிமை 1998-இல் சி.பி.எஸ்.ஸுக்குப் போய்விட்டது. ஃபுட்பால் இல்லாத விளையாட்டுப் பிரிவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அதன் தலைவர் டிக் எபர்சால். அவரும் மெக்மஹனும் பழைய கூட்டாளிகள். 1985-லேயே சனிக்கிழமை இரவு மல்யுத்த நிகழ்ச்சியை என்.பி.சி.யில் சேர்ந்து கொண்டுவந்தவர்கள். அறிவிப்பு வந்த அடுத்த மாதமே என்.பி.சி. கைகோத்தது. என்.எஃப்.எல்.லுக்குக் கோடி கோடியாகக் கொட்டுவதற்குப் பதில் சொந்தமாகவே ஒரு லீக் வைத்துக்கொண்டால் என்ன என்ற யோசனை அன்று அவ்வளவு பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை.

என்னென்ன அணிகள்? ஓனர்கள் யார்?

கிழக்கில் ஒர்லாண்டோ ரேஜ், சிகாகோ என்ஃபோர்சர்ஸ், நியூயார்க்–நியூஜெர்சி ஹிட்மென், பர்மிங்ஹாம் தண்டர்போல்ட்ஸ். மேற்கில் லாஸ் ஏஞ்சலஸ் எக்ஸ்ட்ரீம், சான் பிரான்சிஸ்கோ டீமன்ஸ், மெம்ஃபிஸ் மேனியாக்ஸ், லாஸ் வேகாஸ் அவுட்லாஸ். தனித்தனி ஓனர்கள் கிடையாது. எட்டு அணியும் லீக்கின் சொத்து.

பெயர்களைப் பார்த்தாலே புரியும்: கொலைகாரன், பேய், பைத்தியம், சட்டத்துக்கு அடங்காதவன். பர்மிங்ஹாம் அணிக்கு முதலில் 'பிளாஸ்ட்' என்று வைத்தார்கள். 1963-இல் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்ற ஊர் அது. 1998-இல் அங்கே ஒரு மருத்துவ மையத்திலும் குண்டு வெடித்தது. எதிர்ப்பு வந்த பிறகே மாற்றினார்கள். அறையில் இருந்த ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சரி, நேரா கேக்கறேன். ஆட்டம் ஃபிக்ஸிங்கா?

இல்லை. ஆட்டம் நிஜம், அடியும் நிஜம், முடிவும் நிஜம். நெவாடாவில் இந்த ஆட்டங்கள் மீது சட்டப்படி பந்தயம் ஏற்றார்கள். முடிவை முன்பே எழுதி வைத்த மல்யுத்தத்தில் அது நடக்காது. ஜெயித்தால் ஆட்டக்காரர்களுக்குத் தனிப் பணம் வேறு இருந்தது. அதைச் சம்பளக் கேள்வியில் பாருங்கள்.

இன்னொரு சான்றும் உண்டு. நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த முதல் ஆட்டத்தில் லாஸ் வேகாஸ் 19, நியூயார்க்–நியூஜெர்சி 0. இறுதி ஆட்டம் 38–6. கதை எழுதிச் சம்பாதிக்கிற ஒரு நிறுவனம் தொடக்கத்தையும் முடிவையும் இப்படி சப்பென்று எழுதுமா? மெக்மஹன் ஃபிக்ஸ் செய்திருந்தால் இரண்டுமே கடைசி நொடியில் முடிந்திருக்கும்.

நாடகம் இருந்தது, ஆனால் ஆட்டத்தைச் சுற்றி. வர்ணனையாளர்களின் வம்பு, சியர்லீடர்களை வைத்து எடுத்த குட்டிக் காட்சிகள் போன்றவை. பார்க்கிறவனுக்கு எது நிஜம், எது ஜோடனை என்ற சந்தேகத்தை அவர்களே கிளப்பிவிட்டு, பிறகு "எங்களை நம்புங்கள்" என்றார்கள்.

விதியே கிடையாதுன்னு விளம்பரம் பண்ணாங்களே, உண்மையா?

விதிகள் இருந்தன. ஏறக்குறைய சாதாரண ஃபுட்பால்தான், சில இடங்களில் மட்டும் மாற்றம். பன்ட் வரும்போது என்.எஃப்.எல்.லில் பிடிப்பவர் கையை உயர்த்திக் காட்டினால் அவரை யாரும் தொடக்கூடாது. இங்கே அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்கு ஈடாக, பந்தைப் பிடிக்கும்வரை எதிரணியினர் ஐந்து யார்டுக்குள் வரக்கூடாது என்று ஒரு வளையம் போட்டார்கள். விளம்பரத்தில் முதல் பாதி மட்டும்தான் வந்தது.

டச்டவுனுக்குப் பிறகு உதைத்து எடுக்கும் ஒரு சுலபமான புள்ளி கிடையாது. இரண்டு யார்டு கோட்டிலிருந்து ஓடியோ எறிந்தோதான் எடுக்க வேண்டும். பந்து கிளம்பும் முன்பே ஒருவர் முன்னோக்கி ஓடலாம். செயற்கைப் புல்லும் கூரை போட்ட அரங்கமும் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். எல்லாம் திறந்தவெளி, நிஜப் புல்.

பெரிய தவறு இன்னொரு விதியில் நடந்தது. பந்தைப் பிடிக்க ஓடுபவரைத் தடுப்பாளர் வழி நெடுகத் தள்ளிக்கொண்டே போகலாம் என்று அனுமதித்தார்கள். முரட்டுத்தனமாக இருக்கும் என்று நினைத்தார்கள். விளைவு, யாருக்கும் பந்தைப் பிடிக்க முடியவில்லை, புள்ளியும் வரவில்லை. சீசன் நடுவிலேயே அதை மாற்றி, முதல் ஐந்து யார்டோடு நிறுத்தினார்கள். பாதி சீசனில் விதியை மாற்றினால், ஏற்கெனவே ஃபிக்ஸிங் என்று சந்தேகப்படுகிறவன் என்ன நினைப்பான்?

டாஸ் போடாம ரெண்டு பேரை ஓட விட்டாங்களாமே?

ஆமாம். அணிக்கு ஒருவர் வீதம் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இருபது யார்டு தள்ளி, மைதானத்தின் நடுவே பந்து கிடக்கும். விசில் ஊதியதும் ஓடிப் பாய்ந்து யார் பந்தைக் கைப்பற்றுகிறாரோ, டாஸ் ஜெயித்த மாதிரி அவர் அணிக்குத் தேர்வுரிமை. இதற்கு 'ஸ்க்ராம்பிள்' என்று பெயர்.

முதல் நாளே ஒர்லாண்டோவின் ஹசன் ஷம்சித்-டீன் இதில் பாய்ந்து தோள்பட்டை விலகி, சீசன் முழுக்க ஆட முடியாமல் போனார். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே, நாணயம் சுண்டிவிட வேண்டிய வேலைக்கு ஒரு ஆட்டக்காரர் போய்விட்டார். இருந்தும் அதைத் தொடர்ந்து வைத்திருந்தார்கள்.

ஆட்டக்காரர்களுக்கு என்ன சம்பளம் கொடுத்தார்கள்?

சீசனுக்கு 45,000 டாலர், கிட்டத்தட்ட எல்லோருக்கும். குவார்ட்டர்பேக்குக்கு 50,000. உதைப்பவருக்கு 35,000. நட்சத்திரம், சாதாரணம் என்ற பேதம் கிடையாது. இதற்கு மேல் வாராவாரம் ஜெயிக்கிற அணியில் ஆளுக்குச் சுமார் 2,500 டாலர். இறுதி ஆட்டத்தை ஜெயித்தால் அணிக்கு மொத்தம் 10 லட்சம் டாலர். அதனால்தான் அந்த ஆட்டத்துக்கே 'மில்லியன் டாலர் கேம்' என்று பெயர் வைத்தார்கள்.

இந்த லீக்கில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். என்.எஃப்.எல்.லில் கழித்துவிடப்பட்டவர்கள், பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் பெரும்பாலும் இங்கே வந்தார்கள். அவர்களுக்கு 2,500 டாலர் நிஜமான பணம். ஏற்கெனவே தோற்றுப்போன ஆட்டத்தின் கடைசி நிமிடத்திலும் விழுந்து எழுந்து ஓடினார்கள் என்றால் காரணம் இருந்தது.

'ஹி ஹேட் மீ'ன்னு சட்டையில் எழுதிக்கிட்டு ஆடினவர் யார்?

ராட் ஸ்மார்ட், லாஸ் வேகாஸ் அணியின் ரன்னிங் பேக், அதாவது பந்தை ஏந்திக்கொண்டு ஓடுபவர். முதுகில் குடும்பப் பெயருக்குப் பதில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று லீக் அனுமதித்தது. அவர் இந்த மூன்று சொற்களைப் போட்டுக்கொண்டார். களத்தில் எதிரே நிற்பவனுக்கு என்னைப் பிடிக்காது, அவ்வளவுதான் விளக்கம். முதல் ஆட்டமே நாடு முழுக்க ஒளிபரப்பானதால் ஒரே இரவில் பிரபலமாகிவிட்டார்.

வேடிக்கைப் பெயர் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பிறகு என்.எஃப்.எல்.லில் கரோலைனா பேந்தர்ஸ் அணிக்குப் போய், 2004 பிப்ரவரியில் சூப்பர் பௌல் இறுதியிலேயே ஆடினார்.

முதல் நாள் பயங்கர ஹிட்டுன்னு சொல்றாங்க. அப்புறம் எப்படி கவிழ்ந்தது?

முதல் சனிக்கிழமை இரவு என்.பி.சி.க்குக் கிடைத்த ரேட்டிங் 9.5. அதாவது டி.வி. இருந்த நூறு வீடுகளில் ஏறக்குறைய ஒன்பதரை வீடுகள். விளம்பரதாரர்களுக்கு வாக்குக் கொடுத்தது 4.5 தான். சனிக்கிழமை இரவு அமெரிக்காவில் ஆள் வீட்டில் இருக்காத நேரம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அது பெரிய வெற்றி.

அடுத்த வாரம் 4.6. அதற்கடுத்து இன்னும் கீழே. மார்ச் 31-ஆம் தேதி சிகாகோவும் நியூயார்க்–நியூஜெர்சியும் மோதிய ஆட்டத்துக்கு 1.5. பெரிய சேனல் ஒன்றின் இரவு நேர நிகழ்ச்சிக்கு அதுவரை வந்ததிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று அது.

காரணம் எளிது. மல்யுத்த ரசிகர் கதை எதிர்பார்த்து வந்தார், கிடைத்தது ஃபுட்பால். ஃபுட்பால் ரசிகர் ஆட்டம் எதிர்பார்த்து வந்தார். கிடைத்தது மல்யுத்தக் கூச்சல். இரண்டு பேரும் ஒரே இரவில் எழுந்து போனார்கள். அதுவும் என்.எஃப்.எல். சூப்பர் பௌல் முடிந்து ஆறே நாளில் தொடங்கினார்கள். உலகின் சிறந்த ஆட்டத்தைப் போன வாரம் பார்த்த கண் இன்னும் காய்ந்திருக்கவில்லை.

ஆட்டத்தின் தரம் அவ்வளவு மோசமா?

முதல் சில வாரங்கள் மோசம்தான். மறைக்க ஒன்றுமில்லை. 2000 அக்டோபர் கடைசியில்தான் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சி முகாமுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒரு மாதம். முன்பின் பழக்கமில்லாத நாற்பது பேர் சேர்ந்து, குவார்ட்டர்பேக்கும் அவரைக் காக்கும் வரிசையும் ஒத்துப்போக அது எந்த மூலைக்கு? தடுப்பாட்டம் சீக்கிரம் கைவரும், தாக்குதல் ஆட்டம் வர நாளாகும். அதனால் பந்து இங்கும் அங்கும் விழுந்துகொண்டிருந்தது. மேலே சொன்ன, தள்ளிக்கொண்டே போகலாம் என்ற விதியும் சேர்ந்து கழுத்தைப் பிடித்தது.

சீசன் பாதியைத் தாண்டியதும் ஆட்டம் கண்ணுக்குத் தெரியும்படி மேம்பட்டது. பார்க்கத்தான் ஆளில்லை.

ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்த மறந்த கதை நெசமா?

நிஜம். இரண்டாவது சனிக்கிழமை, பிப்ரவரி 10, லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம் மைதானம், சிகாகோவுடன் ஆட்டம். ஒளிபரப்பு வண்டிக்கு மின்சாரம் கொடுத்த ஜெனரேட்டரில் எரிபொருள் தீர்ந்து ஒளிபரப்பு நின்றுபோனது. ஒரு ஆட்டக்காரருக்குப் பலத்த அடிபட்டு ஆட்டமும் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. அதுவும் சமம். மறுபடி ஒரு கூடுதல் நேரம். கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் 39–32.

ஃபுட்பாலாகப் பார்த்தால் சீசனின் நல்ல ஆட்டங்களில் ஒன்று. ஆனால் அதே சேனலில் பின்னால் காத்திருந்தது 'சாட்டர்டே நைட் லைவ்' நகைச்சுவை நிகழ்ச்சி. அன்று தொகுப்பாளர் ஜெனிஃபர் லோபஸ். பாட்டு, படம் இரண்டும் அப்போது ஓடு ஓடென்று ஓடிக்கொண்டிருந்தன. நிகழ்ச்சி முக்கால் மணி நேரம் தாமதமாக, நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கியது. அதன் தயாரிப்பாளர் லோர்ன் மைக்கேல்ஸ் கொதித்துப்போனார். என்.பி.சி.க்குள்ளேயே லீக்குக்கு எதிரிகள் முளைத்தது அன்றுதான். அதற்குப் பிறகு ஆட்டத்தை வேகமாக முடிக்க விதிகளைத் திருத்தினார்கள்.

ஒரு மாநில கவர்னரே கமெண்டரி சொன்னாராமே?

ஜெஸ்ஸி வென்சுரா. பழைய மல்யுத்த வீரர், அப்போது மின்னசோட்டா மாநிலத்தின் பதவியில் இருந்த ஆளுநர். நம் ஊர் ஆளுநர் போல நியமனம் அல்ல, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆட்சித் தலைவர். வார நாளில் மாநில நிர்வாகம், சனிக்கிழமை வர்ணனை. ஊரில் விமர்சனம் கிளம்பியதில் வியப்பில்லை.

நியூயார்க்–நியூஜெர்சி பயிற்சியாளர் ரஸ்டி டில்மனை வம்புக்கு இழுத்து ஒரு பகையை வளர்க்கப் பார்த்தார். மல்யுத்தத்தில் அது எடுபடும், எதிராளியும் கத்துவார். டில்மன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தன் வேலையைப் பார்த்தார். பதில் வராத சண்டையைப் போல டி.வி.யில் அசட்டுத்தனமானது வேறில்லை.

சியர்லீடர் சமாச்சாரம் என்ன?

ரேட்டிங் விழ விழ, அவர்களைக் காட்டியே ஆள் பிடிக்கப் பார்த்தார்கள். ஒரு வாரம் முழுக்க, இடைவேளையில் கேமரா அவர்களின் உடைமாற்றும் அறைக்குள் போகும் என்று விளம்பரம் செய்தார்கள். வந்தது முன்கூட்டியே எடுத்த அசட்டு நகைச்சுவைத் துண்டு. ஆசைப்பட்டுப் பார்த்தவனும் ஏமாந்தான், அருவருப்பில் சேனலை மாற்றியவன் திரும்பி வரவும் இல்லை. இதில் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

சரி, கப்பை யார் ஜெயிச்சாங்க?

லாஸ் ஏஞ்சலஸ் எக்ஸ்ட்ரீம். லீக் சுற்றில் முதலிடம் ஒர்லாண்டோவுக்கு: பத்தில் எட்டு வெற்றி. லாஸ் ஏஞ்சலஸ் ஏழு. சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ, மெம்ஃபிஸ் மூன்றும் ஐந்து ஐந்து. கடைசி இடம் இரண்டே வெற்றியோடு பர்மிங்ஹாம்.

ஒர்லாண்டோவை ஓட்டிக்கொண்டிருந்தவர் குவார்ட்டர்பேக் ஜெஃப் பிரோம். அவர் காயத்தில் விழுந்த பிறகு அணி பழைய அணியாக இல்லை. அரையிறுதியில் சொந்த ஊரிலேயே சான் பிரான்சிஸ்கோவிடம் 26–25 என்று ஒரே புள்ளியில் தோற்றது. லாஸ் ஏஞ்சலஸ் சிகாகோவை 33–16 என்று வென்றது. ஏப்ரல் 21 இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் 38, சான் பிரான்சிஸ்கோ 6. அந்த ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்குப் போனது தெரியுமா? உதைப்பவர் ஹோசே கோர்ட்டெஸுக்கு. சம்பளப் பட்டியலில் கடைசியில் இருந்தவர்.

மைதானத்துக்குக் கூட்டம் வந்துச்சுன்னு படிச்சேன். அப்புறம் ஏன் மூடணும்?

நல்ல கேள்வி. ஆட்டத்துக்குச் சராசரியாகச் சுமார் 23,000 பேர் வந்தார்கள். புது லீக்குக்கு அது கௌரவமான எண்ணிக்கை. சான் பிரான்சிஸ்கோவில் இன்னும் அதிகம். டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்களுக்கு ஆட்டம் பிடித்துத்தான் இருந்தது.

ஆனால் இது டிக்கெட் காசில் ஓடுவதற்காகப் போட்ட கணக்கு இல்லை. பாதி முதலாளியே டி.வி. சேனல். விளம்பர வருமானம் வற்றியதும் அரங்கில் 23,000 பேர் இருந்தாலும் 40,000 பேர் இருந்தாலும் ஒன்றுதான். மற்ற லீக்குகளில் சேனல் கைவிட்டால் வேறு சேனல் தேடலாம். இங்கே கைவிட்டதே பங்குதாரர்.

என்.பி.சி. விலகியதால்தான் மூடினாரா?

அது மட்டும் இல்லை. என்.பி.சி. ஒளிபரப்பை நிறுத்தியபோதும் மெக்மஹன் இரண்டாவது சீசனுக்கு முயன்றார். ஞாயிறு ஆட்டங்களை யு.பி.என்., டி.என்.என். என்று இரண்டு சேனல்கள் காட்டிக்கொண்டிருந்தன. தொடர வேண்டுமானால் மெக்மஹனின் 'ஸ்மாக்டவுன்' மல்யுத்த நிகழ்ச்சியை இரண்டு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரமாகக் குறைக்க வேண்டும் என்று யு.பி.என். நிபந்தனை போட்டது.

காசு கொட்டும் மல்யுத்தத்தில் அரை மணி நேரத்தை வெட்டி, காசு தின்னும் ஃபுட்பாலைக் காப்பாற்றுவதா? மெக்மஹன் மறுத்துவிட்டார். வியாபாரியாக அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நஷ்டம் என்.பி.சி.க்கும் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.புக்கும் தலா சுமார் 3.5 கோடி டாலர்.

இதுக்கு முன்னாடி யு.எஸ்.எஃப்.எல். ஒன்னு இருந்துச்சே. அதே தப்பைத்தானே இவங்களும் பண்ணாங்க?

இல்லை, நேர் எதிர்த் தப்பு. 1983 முதல் 1985 வரை வசந்த காலத்தில் நடந்த ஃபுட்பால் லீக்கான யு.எஸ்.எஃப்.எல்., ஹெர்ஷல் வாக்கர், ஜிம் கெல்லி, ஸ்டீவ் யங் மாதிரி பெரிய ஆட்களைப் பெரிய விலைக்கு வாங்கியது. ஆட்டம் நன்றாக இருந்தது, கல்லா காலியானது. அதைப் பார்த்துத்தான் எக்ஸ்.எஃப்.எல். எல்லோருக்கும் ஒரே சம்பளம், ஒரே உரிமையாளர் என்று செலவைக் கட்டுப்படுத்தியது. அந்தப் பக்கம் புத்திசாலித்தனம். மிச்சம் பிடித்ததை எல்லாம் கூச்சலிலும் பட்டாசிலும் செலவழித்தார்கள். பயிற்சிக்கு இன்னும் இரண்டு மாதம் கொடுத்திருந்தால் போதும்.

அதில் ஆடினவர்கள் யாராவது உருப்பட்டார்களா?

ராட் ஸ்மார்ட் கதை மேலே இருக்கிறது. அதைவிடப் பெரிய கதை டாமி மேடக்ஸ். 1992-இல் என்.எஃப்.எல்.லின் டென்வர் அணி, புது ஆட்டக்காரர் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுத்த குவார்ட்டர்பேக். சோபிக்கவில்லை. அணி அணியாகத் தள்ளப்பட்டு, கடைசியில் இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். லாஸ் ஏஞ்சலஸ் எக்ஸ்ட்ரீம் அணிக்கு வந்தார், லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார், கோப்பையும் வாங்கினார்.

அதே ஆண்டு பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் கூப்பிட்டது. 2002-இல் அங்கே முதல் குவார்ட்டர்பேக் ஆகி, அந்த வருடத்தின் சிறந்த மறுவருகைக்கான என்.எஃப்.எல். விருதும் பெற்றார். லாஸ் வேகாஸில் ஆடிய மைக் ஃபர்ரி பிறகு டெட்ராய்ட் அணியில் 2006 சீசனில் 98 பந்துகள் பிடித்தார். இவர்களையெல்லாம் என்.எஃப்.எல். ஏற்கெனவே பார்த்து வேண்டாம் என்று விட்டிருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம்.

இப்போ என்.எஃப்.எல். பார்க்கும்போது மேலே கம்பியில் ஓடுற கேமரா, அது இவங்க கண்டுபிடிப்பா?

கண்டுபிடிப்பு இல்லை. அந்தக் கேமரா 1980-களிலேயே வந்துவிட்டது. ஆனால் அதை ஆட்டத்துக்கு ஆட்டம், முக்கியமான கோணமாகவே வைத்து ஃபுட்பால் காட்டியது எக்ஸ்.எஃப்.எல்.தான். குவார்ட்டர்பேக்கின் தலைக்குப் பின்னாலிருந்து, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே எதிரணியின் தடுப்பு வரிசை விரிவது முதல் தடவையாக வீட்டில் தெரிந்தது. சீக்கிரமே என்.எஃப்.எல். ஒளிபரப்புகளுக்கும் அது வந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் மேல் மைக் பொருத்துவதிலும் இவர்கள் ரொம்ப தூரம் போனார்கள்.

ராக் ஒரு எக்ஸ்.எஃப்.எல். வாங்கினாரே, அது இதேதானா?

பெயர் அதே, லீக் புதிது. மெக்மஹனே 2018-இல் மறுபடி அறிவித்து, இரண்டு வருடம் பொறுமையாகத் தயார் செய்து, 2020 பிப்ரவரி 8-இல் தொடங்கினார். இந்தத் தடவை கூச்சல் இல்லை, குஸ்தி இல்லை, ஆட்டம் மட்டும். நன்றாகவே போனது. ஐந்தே வாரத்தில் கொரோனா வந்தது. ஏப்ரலில் லீக் திவால். ஆகஸ்டில் ராக் என்கிற டுவைன் ஜான்சன், டேனி கார்சியா, ரெட்பேர்ட் முதலீட்டு நிறுவனம் மூவரும் சேர்ந்து 1.5 கோடி டாலருக்கு வாங்கி, 2023-இல் ஒரு சீசன் நடத்தினார்கள். பிறகு புது யு.எஸ்.எஃப்.எல்.லோடு இணைந்து 2024-இல் யு.எஃப்.எல். ஆனது.

2020-இல் ஆட்டத்தைத் தொடங்கும் உதையில் இரு அணியினரையும் கிட்டக் கிட்ட நிறுத்தி, மோதலின் வேகத்தைக் குறைக்கும் புது முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2024-இல் என்.எஃப்.எல். அதையே கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொண்டது. அடிதடி அதிகம் என்று விளம்பரம் செய்த பெயர், அடியைக் குறைக்கும் விதியைக் கொடுத்திருக்கிறது.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்கணும்னா எதைப் பார்க்கலாம்?

தொடக்க ஆட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். எல்லோரும் அதில் ஆரம்பித்து, அரை மணி நேரத்தில் வெறுத்துப்போகிறார்கள். ஜெனரேட்டர் நின்ற லாஸ் ஏஞ்சலஸ்–சிகாகோ ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். மேடக்ஸ் என்ன செய்யக்கூடியவர் என்பது அதில் தெரியும், இரண்டு கூடுதல் நேரமும் இருக்கிறது. நேரம் இருந்தால் ஒர்லாண்டோ ஒரு புள்ளியில் தோற்ற அரையிறுதியும். வர்ணனை எரிச்சலாக இருந்தால் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம், ஒன்றும் நஷ்டமில்லை.